பூவேலையில் யாருடைய கை?

பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். லீவு கிடைத்தால் ஏதாவதொரு பெரிய நகரத்துக்குப் போய்ப் பழைய கட்டடங்களைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறவர். பிராக், வியன்னா, லிஸ்பன் என்று அவருடைய போன் முழுக்கக் கோபுரங்களும் வளைவுகளும் தூண்களும்தான். எனக்கும் அதே ஆசை உண்டு என்பதால் ஒரு பின்னேரம் அவரைக் கொழும்புக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யோர்க் வீதியில், சிவப்புச் செங்கல்லும் வெள்ளை வேலைப்பாடுமாக நிற்கும் கார்கில்ஸ் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, “அண்ணை, இதைப் பாருங்கோ” என்றேன். ஒரேயொரு படம் எடுத்தார். “வடிவாத்தான் கிடக்கு. ஆனா இதெல்லாம் வெள்ளைக்காரன் காட்டின பவுசு தம்பி. இஞ்ச எங்கட எண்டு என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அவர் திரும்பிப் போய் நெடுநாளாகியும் அந்தக் கேள்வி போகவில்லை. பிராக்கில் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அங்கே எந்த அரசன் எந்தக் குடியானவனைப் பிழிந்து அந்தத் தேவாலயத்தைக் கட்டினான் என்ற கணக்கு அவரைத் தொடாது. பிறத்தியார் ஊரில் நாம் வெறும் கண்ணாக மட்டும் இருக்க முடிகிறது. சொந்த ஊரில் கண்ணோடு வயிறும் சேர்ந்து எரிகிறது. கார்கில்ஸ் கட்டடம் 1906ஆம் ஆண்டினது, எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்தது. அந்தக் காலத்துக் கொழும்பின் செழிப்புக்கு ஆதாரம் தேயிலை. தேயிலையைப் பறித்தவர்கள் லயத்துக் காம்பராவில் கிடந்தவர்கள். 1948இல் குடியுரிமையும் பறிபோனவர்கள். இவ்வளவும் தெரிந்த ஒரு தமிழன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ‘பவுசு’ என்று சொன்னால், அதைப் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு கதை முடிந்துவிட்டது என்றும் ஏற்க முடியவில்லை.

அண்ணாந்து பார்க்க முடியாத வருடங்கள்

எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குக் கொழும்பின் முகப்புகளோடு பழக்கமே இல்லை. அதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோட்டை வீதிகளில் ஒரு தமிழ்ப் பொடியன் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கக் கூடிய காலமாக அது இருக்கவில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பகுதியே தடுப்புகளுக்குள் போய்விட்டது. ஐசி என்ற அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி வேகமாக நடக்கப் பழகியவர்கள் நாங்கள். கமராவைத் தூக்கினால் அன்றைய பொழுது எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. கொழும்பை நாங்கள் அறிந்தது பஸ் இலக்கங்களாலும் லொட்ஜ்களாலும் செக் பொயின்ற்களாலும்தான்.

ஜனாதிபதி மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 1857இல் முடிந்தது, அக்கால ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்தது. 1867 முதல் 1952 வரை அதன் உச்சியிலேயே கலங்கரை விளக்கும் எரிந்தது. ஊருக்கு நேரமும் கப்பலுக்குத் திசையும் காட்டிய அந்தக் கோபுரத்தின் அடிக்குப் போய் நிற்கப் போர் முடிய வேண்டியிருந்தது. அதற்கு அண்மையிலேயே 1895ஆம் ஆண்டின் பழைய பிரதான தபாலகம். தூண்களும் வளைவுகளுமாக வெள்ளை வெளேரென்று ஒரு முழு வீதிப் பக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்பது. பாதைகள் திறந்தன, 2011இல் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாகத் திரும்பத் திறந்தது, அந்தக் காலத்தில்தான் நான் முதன்முதலாகக் கோட்டையில் மெதுவாக நடந்தேன். பயமில்லாமல் ஒரு சுவரை அண்ணாந்து பார்ப்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

புறக்கோட்டையில் கதை வேறு. அங்கே சில தெருக்களில் வரிசையாகப் பழைய மச்சுகள் வரும். திடீரென்று நடுவில் ஒரு மொட்டைக் கொங்கிரீட் முகப்பு, இரும்பு ஷட்டர். பிறகு மறுபடி பழசு. வயது போன முதலாளிமார் யாரையாவது கேட்டால், சில இடங்களைக் காட்டி ‘எண்பத்து மூண்டு’ என்று மட்டும் சொல்வார்கள். மேலதிகமாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

வரைந்தவர், கட்டியவர்

சென்னைக்கும் மும்பைக்கும் போன சமயங்களில் ஒரு விஷயம் என்னைத் தொட்டது. மும்பையின் பெரிய ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசினால், வரைந்த ஸ்டீவன்ஸின் பெயரோடு, கல்லில் மயிலும் குரங்கும் இலையும் கொடியும் செதுக்கிய ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கதையும் கூடவே வருகிறது. சென்னை உயர் நீதிமன்றம் என்றால் ஹென்றி இர்வினின் பெயரை அடுத்து ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் பெயர். 1908இல் திறந்த எழும்பூர் நிலையம் என்றால் சாமிநாத பிள்ளை. வரைந்தவன் ஒருவன், கட்டி எழுப்பியவன் இன்னொருவன் என்பது அந்த ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது.

எங்களிடமும் அப்படி ஒரு பெயர் உண்டு: அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். தமிழ் பேசும் சோனகச் சமூகத்தவர். கறுவாத்தோட்டத்தில், ஆலமர நிழலுக்கு அப்பால் வெள்ளையாக விரிந்து கிடக்கும் தேசிய நூதனசாலையைக் கட்டியவர் அவர்தான். வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். திறந்தது 1877 ஜனவரி 1. திறப்பு விழாவில் ஆளுநர் கிரகரி மகிழ்ந்துபோய், என்ன வேண்டும் கேளும் என்றாராம். இவரோ, வெள்ளிக்கிழமையில் நூதனசாலையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். பொன்னும் பட்டமும் கேட்கக்கூடிய இடத்தில் ஜும்ஆவுக்கு மரியாதை கேட்டவர். இந்தக் கதையைக் கொழும்பு முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம், சுங்கக் கட்டடம், காலி முகத்திடல் ஹோட்டல் என்று அவர் கைபட்டதாகச் சொல்லப்படும் கட்டடங்களின் பட்டியல் நீளமானது. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நூதனசாலைக்குப் போகாத கொழும்புப் பிள்ளை இல்லை. சிம்மாசனத்தைக் காட்டுவார்கள், முகமூடிகளைக் காட்டுவார்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்த கட்டடத்தைக் காட்டி, இதைக் கட்டியவர் எங்கள் பாஷை பேசியவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சாரத்தில் நின்றவர்

என் எண்ணத்தைப் புரட்டிப்போட்டது பெரிய கட்டடம் எதுவுமில்லை. புறக்கோட்டை மெயின் வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், பெயர் தெரியாத ஒரு பழைய மச்சுக் கடை. ஞாயிற்றுக்கிழமை. ஷட்டர்கள் இறங்கி, மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் தள்ளுவண்டிகள் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் நேரத்தில்தான் அந்தத் தெருக்களில் மேலே பார்க்க முடியும். வேலை நாளில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் முதுகில் மூட்டை இடிக்கும்.

மேல் மாடி ஜன்னலுக்கு மேலே அரை வட்ட வளைவு. வளைவைச் சுற்றிச் சாந்தில் செய்த இலைகள். அதற்கும் மேலே, கூரைக்குக் கீழாக, முகப்பு முழுவதும் ஓடும் படிப்படியான விளிம்பு வேலை. மூங்கில் சாரத்தில் ஒரு மேசன் உட்கார்ந்து, அந்த விளிம்பில் முன்பு யாரோ அப்பிவைத்த சீமெந்தைத் தட்டி உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். நான் கீழே நின்று நெடுநேரம் பார்ப்பதைக் கண்டு, “என்ன சார், உங்க கடையா?” என்றார். இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். “அப்ப ஏறி வாங்க, கிட்ட வந்து பாருங்க” என்றார். ஏறினேன்.

சீமெந்து ஓட்டோடு, அதற்குப் பின்னாலிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தும் மாவாக உதிர்ந்தது. “பாருங்க சார், சீமெந்து மூச்சு விடாது. சுவத்துக்குள்ள ஏறுன ஈரம் வெளிய போக வழி இல்லாம உள்ளேயே நின்னு, பழசையும் தின்னுரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் சரி.” கீழே ஒரு பீப்பாயில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் கிடந்தது. அவர் கையில் ஒரு தகரத் துண்டு. விளிம்பின் குறுக்குவெட்டு எப்படியோ, அப்படியே வளைவும் படியும் குழியுமாக வெட்டியது. பின்னால் ஒரு பலகைச் சட்டம். சுவரில் நேர்ச்சட்டம் ஒன்றை அடித்து, ஈரச் சாந்தை அப்பி, அந்தத் தகர அச்சைச் சட்டத்தின் மேல் வைத்து இழுக்கிறார். முதல் இழுப்பில் ஒன்றும் தெரியாது. மறுபடி சாந்து, மறுபடி இழுப்பு. இழுக்க இழுக்கப் படி கூர்மையாகிறது, குழி ஆழமாகிறது. கடைசியில் மெல்லிய சாந்தைப் பூசி ஒரே மூச்சில் இழுத்தபோது, நூறு வருடத்துக்கு முந்தைய கோடும் இன்றைய கோடும் ஒன்றாக ஓடின.

அந்த விளிம்பின் அடியில் ஒரு விரலளவுக் காடி இருந்தது. எதற்கு என்றேன். மழைத் தண்ணீர் விளிம்பில் வழிந்து, அடிப்பக்கமாகச் சுவரை நோக்கி ஓடி வரும். காடிக்கு வந்ததும் அதைத் தாண்ட முடியாமல் அப்படியே கீழே சொட்டிவிடும். விளிம்பு உடைந்திருந்த இடங்களின் கீழே மட்டும் சுவர் கறுத்துப் பாசி பிடித்திருந்ததைக் காட்டினார். கீழே நிற்கிறவனுக்கு அலங்காரமாகத் தெரிவது, சுவருக்குக் குடை. கொழும்பு மழையைத் தெரிந்தவன் செய்த வேலை. அதற்குப் பிறகு கார்கில்ஸின் வளைவுகளுக்குக் கீழே நடக்கும்போதெல்லாம், அந்த நடைபாதை வெயிலும் மழையும் படாமல் ஒரு தெரு நீளம் நம்மைக் கொண்டுபோவதை என் உடம்பு கவனிக்கத் தொடங்கியது.

இலைகளுக்கு அச்சு இல்லை. அவை கைவேலை. சின்னக் கரண்டியால் ஒவ்வொன்றாக வைத்து, நரம்பு கீறி, ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு இலைகள் முழுதாக உதிர்ந்துபோயிருந்தன. அவற்றைத் திரும்பச் செய்வதற்காக அவர் மிச்ச இலைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். “இத வச்ச ஆளு இடக்கைக்காரரு சார்” என்றார். எனக்கு விளங்கவில்லை. என் விரலைப் பிடித்து நரம்பின் மேல் வைத்தார். கீறல் ஒரு பக்கம் ஆழமாக இறங்கி மறுபக்கம் மெலிந்து ஏறியது. எல்லா இலையிலும் அப்படியே. “நான் வலக்கை. நான் கீறுனா மாறித்தான் விழும். அதான் ரெண்டு நாளா இடக்கையால பழகிட்டு இருக்கேன்.”

சாரத்தில் என் கால்கள் லேசாக நடுங்கின. உயரத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். எவனோ ஒருவன். எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவன். வெள்ளைக்காரன் தாளில் வரைந்து கொடுத்ததையோ, தமிழ் முதலாளி கை நீட்டிக் காட்டியதையோ, இடக்கையில் கரண்டி பிடித்து ஈரச் சாந்தில் கீறியிருக்கிறான். அவன் கீறியது இன்னும் என் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

மேசன் அட்டன் பக்கத்து ஆள். பாட்டன் பாட்டி தோட்டத்துக்கு வந்தவர்கள். அவருக்குத் தொழில் பழக்கியவர் தாய்மாமன். தோட்டத்துக் கோயில்களில் சுதை வேலை செய்தவர். சாமிக்கு முகம் வைக்கப் பழகிய கை இப்போது புறக்கோட்டையில் இலை வைக்கிறது. கீழே இறங்கிப் பிளேன்டீ குடித்தபோது என் ஒன்றுவிட்ட அண்ணனின் கேள்வியை அவரிடமே கேட்டேன். இதெல்லாம் வெள்ளைக்காரனுடையது என்கிறார்களே, உங்களுக்கு எப்படி? அவர் யோசிக்கவே இல்லை. “காசு யாரோடதோ சார். வேல நம்ம வேலதானே?”

ஆறு வருடத்துக்குள் மூன்று

அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொன்றிலும் அந்தக் கை தெரிந்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக எழும்பி நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்கள் தொழுவதற்காகக் கட்டியது. வடிவம் கொடுத்தவர் சாயிபு லெப்பை. கட்டடக்கலை படித்தவர் அல்லர். வியாபாரிகள் கொண்டுவந்து காட்டிய இந்தியக் கட்டடப் படங்களைப் பார்த்து அவர் செய்ததுதான் இந்தக் கோடுகளும் கட்டங்களும், முறுக்கேறிய தூண்களும், மாதுளங்காய் போன்ற குவிமாடங்களும். ஒரு தூணை மட்டும் எடுத்து அடியிலிருந்து நுனிவரை கண்ணால் சுற்றிப் பாருங்கள். வட்டத் தூணில் சாய்ந்து ஏறும் பட்டி ஒரு சுற்று முடிந்து வரும்போது சரியான இடத்தில் வந்து சேர வேண்டும்; ஒரு விரல் தப்பினாலும் மேலே போகப் போகக் கோணல் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குத் தெரிந்த கை அது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் ஒரு காலத்தில் இந்தப் பள்ளியைத்தான் அடையாளமாகப் பார்த்து வந்தார்கள் என்பார்கள். ஊரின் முகமாக நின்றது ஆளுநரின் மாளிகையல்ல. புறக்கோட்டை வியாபாரிகளின் பள்ளிவாசல்.

அங்கிருந்து நடந்தால் செட்டியார் தெரு, அதைத் தாண்டிக் கொச்சிக்கடை. பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு என் அண்ணனையும் கூட்டிப் போனேன்தான். தகப்பனார் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்க முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். உள்ளே வர்ணம் கிடையாது. விளக்கு வெளிச்சம் தூணின் ஒரு பக்கத்தில் விழுந்து மற்றப் பக்கம் இருட்டில் கிடக்கும். அண்ணன் அந்தத் தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே அவர் பவுசு என்று சொல்லவில்லை.

கார்கில்ஸ் 1906. பள்ளிவாசல் 1909. சிவன் கோயில் 1912. ஆறு வருடத்துக்குள், ஒரே பின்னேரத்தில் நடந்து பார்த்து முடிக்கக்கூடிய தூரத்துக்குள், ஒரு வெள்ளைக்காரக் கடையும் ஒரு முஸ்லிம் பள்ளியும் ஒரு சைவக் கோயிலும் தத்தமது பூவேலையோடு எழும்பியிருக்கின்றன. காசு கண்ட ஒரு நகரம் தன் மகிழ்ச்சியைச் சுவரில் எழுதிய காலம் அது. வெள்ளைக்காரனும் எழுதினான். நாங்களும் எழுதினோம். அவனுக்காகவும் எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். 1923இல் பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று தகப்பனின் நினைவாகப் புறக்கோட்டை வாசலில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை நிறுத்தியது. இதையெல்லாம் ஒரே வாயில் வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்றும் என் மனதில் உண்டு. அண்ணனின் ரொறன்ரோ வீட்டு வரவேற்பறையில் யாழ்ப்பாண நூலகத்தின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. வெள்ளைக் குவிமாடங்கள், வளைவுகள். 1981இல் எரிந்ததை நினைத்து இன்றும் அவர் குரல் தழுதழுக்கும். அந்த நூலகத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். அதன் பாணி இந்தோ சரசெனிக், இந்திய, இஸ்லாமிய வடிவங்களை ஐரோப்பியக் கட்டட முறையோடு கலந்தது. சென்னையில் சிசோமும் இர்வினும் போன்ற ஆங்கிலேயர்கள் வளர்த்தெடுத்த அதே பாணி. அதை யாரும் வெள்ளைக்காரன் பாணி என்று தள்ளிவைப்பதில்லை. தள்ளக்கூடாது. நாங்கள் ஆசைப்பட்டோம், காசு சேர்த்தோம், கட்டினோம், இழந்தோம், அழுதோம். அதனால் அது எங்களுடையது. புறக்கோட்டைச் சுவர்களுக்கும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

இடிபடுகிறவை

கொம்பனித்தெருவில் டி சொய்சா கட்டடம் இருந்தது. அதன் கீழே கடைகளும் மேலே அழகான ஜன்னல் வரிசையும் இருந்தன. இப்போது இல்லை. சட்டமும் இந்தக் கட்டடங்களுக்குச் சாதகமில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்தத்துக்கு, முந்தையவைதான் பழமையானவை. அதற்குப் பிந்தையதென்றால் வர்த்தமானியில் தனியே அறிவிக்க வேண்டும். நான் இதுவரை சொன்ன பூவேலைகள் எல்லாமே 1815க்குப் பிந்தியவை. பெரிய கட்டடங்களுக்கு எப்படியோ அறிவித்தல் வந்துவிடும். குறுக்குத் தெருவில் இருக்கும் இடக்கைக்காரரின் இலைகளுக்கு யார் அறிவித்தல் கொடுப்பார்கள்? அந்தக் கடை முதலாளி சுண்ணாம்புக்கே செலவழிக்கத் துணிந்தது பெரிய காரியம். பக்கத்துக் கடைக்காரர் முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடி எழுத்துப் பலகை மாட்டிவிட்டார். தகட்டின் பின்னால் என்ன இருக்கிறது என்று மேசனுக்கும் தெரியாது.

கட்டியவர்களின் பெயரைத் தேடத் தொடங்கினால், வரைந்தவர்களின் பெயர் உடனே கிடைக்கிறது; ஒப்பந்தக்காரரில் வாப்பிச்சி மரைக்கார் போல ஒன்றிரண்டு பேர் கிடைக்கிறார்கள்; மேசன், தச்சன், சாந்து குழைத்த பெண்கள் என்று இறங்கினால் ஒன்றுமே இல்லை. ஆனால் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் ஜிந்துப்பிட்டியிலும் பழைய வீடுகளின் பெட்டகங்களில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். கூலிக் கணக்குக் கொப்பி, ஒப்பந்தப் பத்திரம், சாரத்துக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்த படம். உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ கட்டட வேலை செய்தவர் என்றால், அவற்றைக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்பதிவாக்கும் நூலக நிறுவனம் இருக்கிறது. கறுவாத்தோட்டத்தில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. கடதாசி ஒன்றும் மிச்சமில்லை என்றாலும், எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதைக் கேட்டு, ஆளின் பெயரோடு எழுதி வையுங்கள்.